தரவரிசை என்னும் ஏணி

திருவனந்தபுரத்தில் கவடியார் என்று ஓர் இடம் உண்டு. அரண்மனை இருக்கும் பகுதி. அங்கே பெரிய பசும்புல் வெளி ஒன்று இருக்கிறது. அதுதான் கோல்ஃப் மைதானம். திருவிதாங்கூர் அரசர் காலத்திலிருந்து இருந்து வருவது. அதை ஒட்டிய சாலைக்கும் கோல்ஃப் லிங்க்ஸ் சாலை என்றே பெயர்.

அந்தப் பக்கத்தில் ஓர் அக்கா தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கடந்த ஓர் ஆண்டாகத்தான் அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் விடுவதில்லை. வடை மடிக்கும் பழைய செய்தித்தாளைக்கூட எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் கிழிப்பார்.

ஒரு நாள் அப்படி ஒரு பழைய தாளைப் படித்தார்.

"ஜீவ் மில்கா சிங். உலகத் தரவரிசையில் 28ஆம் இடம்."

அவருக்குப் புரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரைக் கேட்டார். அந்தப் பெரியவர் இளம் வயதில் கோல்ஃப் ஆடுபவர்களுக்கு மட்டைப் பை சுமந்தவர்.

"அண்ணாச்சி, இது என்ன 28? உலகத்தில் 27 பேர் இவரைத் தோற்கடித்துவிட்டார்களா?"

பெரியவர் சிரித்தார். "நல்ல கேள்வி தங்கச்சி. ஆனால் ஒரு வாயில் பதில் சொல்ல முடியாது. முதலில் ஆட்டத்தைச் சொல்கிறேன். பிறகு கணக்கைச் சொல்கிறேன்" என்றார்.

நாமும் தெரிந்துகொள்வோமா?

கோல்ஃப் என்பது என்ன ஆட்டம்?

கோல்ஃப் ஆட்டத்தில் ஒரு சிறு பந்து உண்டு. கெட்டியான வெள்ளைப் பந்து. எடை 46 கிராமுக்குள் இருக்கும். அந்தப் பந்தை மட்டையால் அடித்து ஒரு குழியில் விழ வைக்க வேண்டும். குழியின் அகலம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஒரு சாதாரண டம்ளரை விடக் கொஞ்சம் அகலம். அவ்வளவுதான்.

ஆனால் குழி பக்கத்தில் இருக்காது. 100 மீட்டர் தூரத்தில் இருக்கலாம். 500 மீட்டர் தூரத்திலும் இருக்கலாம். இடையில் மரம் இருக்கும். மணல் பள்ளம் இருக்கும். குளமும் இருக்கும்.

முழு ஆட்டத்துக்கு 18 குழிகள். கவடியார் மைதானத்தில் 9 குழிகள் உள்ளன. அங்கே 18 குழி ஆட வேண்டுமானால் இரண்டு முறை சுற்றி வர வேண்டும்.

கிரிக்கெட்டில் அதிக ஓட்டம் எடுப்பவர் வெல்வார். கோல்ஃபில் நேர்மாறு. யார் குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர். தேர்ந்த ஆட்டக்காரர் 18 குழிகளையும் சுமார் 70 அடிகளில் முடிப்பார். பெரிய போட்டி என்றால் பெரும்பாலும் 4 நாள் நடக்கும். 4 நாள் அடிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். தூரமாக அடிக்க ஒன்று. மணலில் இருந்து எடுக்க ஒன்று. குழியருகே மெல்லத் தட்ட ஒன்று. இந்த மட்டைகளை எல்லாம் ஒரு பெரிய பையில் வைத்து ஒருவர் சுமந்து வருவார். பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். இப்படிச் சுமப்பவருக்குக் 'கேடி' என்று பெயர்.

"நம்ம ஊரில் போலீஸ்காரர் சொல்லும் கேடி வேறு. இந்தக் கேடி வேறு. நான் இந்தக் கேடி" என்றார் பெரியவர். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

தரவரிசை எதற்கு?

கோல்ஃப் பல நாடுகளில் ஆடப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு போட்டி நடக்கும். அதே வாரம் ஜப்பானில் ஒரு போட்டி நடக்கும். ஐரோப்பாவில் இன்னொன்று. எல்லோரும் ஒரே இடத்தில் ஆடுவதில்லை. அப்படியானால் உலகத்தில் யார் சிறந்தவர் என்று எப்படிச் சொல்வது?

முன்பு இதற்குச் சரியான வழி இல்லை. பெரிய போட்டியை நடத்துபவர்கள் தங்களுக்குத் தெரிந்தவரை அழைப்பார்கள். பல நாடுகளில் ஆடும் நல்ல ஆட்டக்காரர் சிலர் விடுபட்டுப் போவார்கள். ஆகவே எல்லா நாட்டு ஆட்டக்காரர்களையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு கணக்கு தேவைப்பட்டது.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் பட்டியல் வெளிவந்தது. அன்று முதல் வாரம்தோறும் பட்டியல் வருகிறது. இதைத்தான் உலகத் தரவரிசை என்கிறோம். பெரிய போட்டிகளை நடத்தும் அமைப்புகள் சேர்ந்து இதை நடத்துகின்றன.

முதல் பட்டியலில் முதல் இடம் யாருக்கு? ஜெர்மனி நாட்டின் பெர்ன்ஹார்ட் லாங்கர். இவர் தந்தை செங்கல் வைத்துக் கட்டும் கொத்தனார். லாங்கர் சிறுவனாக இருந்தபோது பை சுமக்கப் போனார். அங்கேதான் ஆட்டத்தைக் கற்றார்.

இரண்டாம் இடம் ஸ்பெயின் நாட்டின் செவே பாயெஸ்டெரோஸ். இவர் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இவரும் பை சுமந்தவர். சிறுவயதில் ஒரே ஒரு பழைய மட்டையை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் அடித்துப் பழகினார்.

"பார்த்தாயா தங்கச்சி? உலகத்தின் முதல் ஆளும் பை சுமந்தவர். இரண்டாம் ஆளும் பை சுமந்தவர்" என்றார் பெரியவர். அவர் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

கணக்கு எப்படி?

இனி கணக்கைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதல் படி: புள்ளி.

ஒவ்வொரு போட்டியிலும் ஆட்டக்காரர்களுக்குப் புள்ளி கிடைக்கும். வென்றவருக்கு அதிகம். அடுத்தவருக்குக் குறைவு. கீழே போகப் போகப் புள்ளியும் குறையும்.

எல்லாப் போட்டிக்கும் ஒரே அளவு புள்ளி இல்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் கலந்துகொண்டால் புள்ளி கூடும். ஆண்டுக்கு 4 பெரும் போட்டிகள் உண்டு. மூன்றை அமெரிக்க அமைப்புகள் நடத்துகின்றன. நான்காவது பிரிட்டனில் நடக்கிறது. இவற்றில் வெல்பவருக்கு 100 புள்ளி. சிறு போட்டியில் வெல்பவருக்கு மிகக் குறைவு.

இது நியாயம்தானே? தெருவில் நடக்கும் ஓட்டப் பந்தயமும் மாநில ஓட்டப் பந்தயமும் ஒன்றாகுமா?

இரண்டாம் படி: காலம்.

வாங்கிய புள்ளி என்றைக்கும் நிற்காது. முதல் 13 வாரம் புள்ளி அப்படியே இருக்கும். அதன் பிறகு வாரா வாரம் சிறிது சிறிதாகத் தேயும். 2 ஆண்டு முடிந்ததும் அந்தப் புள்ளி இல்லாமலே போய்விடும்.

சாலைக் கடைத்தெருவில் பூ விற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோவாளையிலிருந்து காலையில் வந்து இறங்கும் பூவுக்கு முழு விலை. மாலையில் பாதி விலை. மறுநாள் அதே பூவை யார் வாங்குவார்கள்? புள்ளியும் அப்படித்தான். புதிதாக இருக்கும்போது முழு மதிப்பு. பழையதானால் மதிப்பு இல்லை.

இதனால் என்ன பயன்? ஒருவர் 5 ஆண்டுக்கு முன் நன்றாக ஆடினார் என்பதற்காக இன்றும் மேலே உட்கார்ந்திருக்க முடியாது. தொடர்ந்து ஆட வேண்டும். தொடர்ந்து நன்றாகவும் ஆட வேண்டும்.

மூன்றாம் படி: சராசரி.

2 ஆண்டில் மிஞ்சிய புள்ளிகளை எல்லாம் கூட்டுவார்கள். பிறகு, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவது சராசரி. இந்தச் சராசரிதான் இடத்தை முடிவு செய்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரிடமும் 200 புள்ளி இருக்கிறது.

முதல் ஆள் 50 போட்டி ஆடினார். 200ஐ 50ஆல் வகுத்தால் 4.

இரண்டாம் ஆள் 40 போட்டி ஆடினார். 200ஐ 40ஆல் வகுத்தால் 5.

இரண்டாம் ஆளே மேலே நிற்பார். ஏன்? குறைந்த போட்டிகளிலேயே அதே புள்ளியை எடுத்துவிட்டார்.

"அப்படியானால் ஒரே ஒரு போட்டி ஆடி, அதில் வென்றுவிட்டு வீட்டில் இருந்துவிடலாமே? சராசரி நன்றாக இருக்குமே?" என்று அக்கா கேட்டார்.

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. "நீ கணக்கில் கெட்டிக்காரி" என்றார்.

இந்தத் தந்திரத்துக்கு இடம் கொடுக்காமல் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எத்தனை குறைவாக ஆடினாலும் 40ஆல்தான் வகுப்பார்கள். மூன்றாவது ஒருவர் 10 போட்டி மட்டும் ஆடி 100 புள்ளி எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். 10ஆல் வகுத்தால் சராசரி 10 வரும். ஆனால் அப்படி வகுக்க மாட்டார்கள். 40ஆல் வகுப்பார்கள். அவருக்குக் கிடைப்பது இரண்டரைதான்.

அதிகமாக ஆடுபவருக்கும் ஒரு எல்லை உண்டு. கடைசியாக ஆடிய 52 போட்டிகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள்.

28ஆம் இடம் என்றால் என்ன?

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். 27 பேர் ஜீவ் மில்கா சிங்கைத் தோற்கடித்தார்களா?

இல்லை. சிலரோடு அவர் ஒரே போட்டியில் ஆடியே இருக்க மாட்டார். சிலரை அவர் வென்றும் இருப்பார். அந்த வாரம், 2 ஆண்டுக் கணக்கைக் கூட்டி வகுத்துப் பார்த்தபோது, 27 பேரின் சராசரி அவருடைய சராசரியை விட அதிகம். அவ்வளவுதான் பொருள்.

ஜீவ் மில்கா சிங் யார்? ஓட்டக்காரர் மில்கா சிங்கின் மகன். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் நான்காவதாக வந்தாரே, அதே மில்கா சிங். தந்தை ஓடினார். மகன் கோல்ஃப் ஆடினார். 2006இல் ஜீவ் சீனாவிலும் ஸ்பெயினிலும் ஜப்பானிலும் போட்டிகளை வென்றார். உலகத் தரவரிசையில் முதல் 100 பேருக்குள் வந்த முதல் இந்தியர் அவரே. 2009 மார்ச் மாதம் 28ஆம் இடம் வரை ஏறினார்.

2015இல் அனிர்பன் லாஹிரி என்ற இன்னோர் இந்தியர் 33ஆம் இடம் வரை வந்தார். அந்த ஆண்டு அவர் மலேசியாவிலும் இந்தியாவிலும் வென்றிருந்தார்.

உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் ஆடும் ஆட்டம் இது. அதில் 28ஆம் இடம் என்பது சிறிய காரியமா?

ஏணியில் ஏறலாம், இறங்கலாம்

தரவரிசை ஓர் ஏணி மாதிரி. ஏறவும் செய்யலாம். இறங்கவும் செய்யலாம்.

அமெரிக்காவின் டைகர் வுட்ஸ் என்ற ஆட்டக்காரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1997இல், 21 வயதில், முதன்முதலாக உலகின் முதல் இடத்துக்கு வந்தார். மொத்தம் 683 வாரம் அவர் முதல் இடத்தில் இருந்தார். கூட்டிப் பார்த்தால் 13 ஆண்டுக்கு மேல். இதுவரை வேறு யாரும் இவ்வளவு காலம் இருந்ததில்லை.

அவருக்கு முதுகில் வலி வந்தது. பல முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. ஆட முடியவில்லை. வாரா வாரம் புள்ளி தேய்ந்தது. 2017இல் அவர் 1199ஆம் இடத்துக்குப் போய்விட்டார். ஒன்றாம் இடத்தில் இருந்தவர் 1199ஆம் இடத்தில்!

ஆனால் அவர் மறுபடியும் மட்டையை எடுத்தார். 2019 ஏப்ரலில் பெரும் போட்டி ஒன்றை வென்றார். 6ஆம் இடத்துக்கு ஏறினார்.

1199 என்ற எண் அவர் யார் என்று சொல்லவில்லை. அந்த 2 ஆண்டில் அவர் எவ்வளவு ஆடினார் என்று மட்டும் சொன்னது.

இடம் இருந்தால்தான் கதவு திறக்கும்

தரவரிசை வெறும் பெருமைக்கு மட்டும் அல்ல. அது ஒரு நுழைவுச் சீட்டு. முதல் 50 பேருக்குள் இருந்தால் மிகப் பெரிய போட்டிகளுக்கு அழைப்பு வரும். ஒலிம்பிக்குக்கும் இதுதான் வழி.

கோல்ஃப் நீண்ட காலம் ஒலிம்பிக்கில் இல்லை. 1904க்குப் பிறகு 2016இல்தான் மறுபடி சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் ஆண்கள் 60 பேர், பெண்கள் 60 பேர் ஆடலாம். அந்த 60 பேரையும் தரவரிசையை வைத்தே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு நாட்டிலிருந்து பெரும்பாலும் 2 பேருக்கு மேல் போக முடியாது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. இந்தியாவின் உதயன் மானே பட்டியலில் சற்று வெளியே நின்றார். அர்ஜென்டினா ஆட்டக்காரர் ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். அந்த இடம் உதயன் மானேக்குக் கிடைத்தது. வரிசையில் அடுத்த ஆளாக நின்றதால் கிடைத்தது. இன்னும் கீழே இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பெரிய போட்டியில் ஆடினால்தான் அதிகப் புள்ளி கிடைக்கும். ஆனால் புள்ளி இருந்தால்தான் பெரிய போட்டிக்கே அழைப்பார்கள். சொத்து இருப்பவருக்குத்தானே கடன் எளிதில் கிடைக்கிறது? அது போலத்தான் இதுவும். கீழே இருப்பவர் முதல் படி ஏறுவதுதான் மிகவும் கடினம்.

அதுவும் கோல்ஃப் செலவு பிடிக்கும் ஆட்டம். மட்டை விலை அதிகம். மைதானத்தில் எல்லோரும் நுழைந்துவிட முடியாது. அப்படியிருந்தும் சிலர் ஏறினார்கள்.

புல் வெட்டியவரின் மகன்

அலி ஷேர் என்பவர் டெல்லி மைதானத்தில் பை சுமந்தவர். 1991இல் இந்தியன் ஓப்பன் என்னும் பெரிய போட்டியில் வென்றார். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட இந்தியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் முறை. 1993இல் மறுபடியும் வென்றார்.

பெங்களூரில் சின்னசாமி முனியப்பா என்பவர் பை சுமந்தார். 2009இல் அதே இந்தியன் ஓப்பன் பட்டத்தை அவர் வென்றார்.

கொல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் உள்ளது. 1829இல் தொடங்கியது. அங்கே புல்தரையைப் பராமரித்த தொழிலாளி ஒருவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌரசியா. தந்தை வேலை செய்த புல்தரையில்தான் மகன் ஆடப் பழகினார். 2008இல் டெல்லியில் நடந்த சர்வதேசப் போட்டியில் வென்றார். 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பன் பட்டம் அவருக்கே. 2016இல் தரவரிசை அவரை ரியோ ஒலிம்பிக்குக்கு அனுப்பியது.

பணக்காரர் பிள்ளையா, புல் வெட்டியவர் பிள்ளையா என்று கணக்கு பார்ப்பதில்லை. எத்தனை அடி என்று மட்டுமே பார்க்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பெயர் ஏறும் வரைக்கும் ஏழைப் பிள்ளை பட்ட பாடு எந்தப் பட்டியலிலும் இருக்காது.

200ஆம் இடத்திலிருந்து வந்த பெண்

பெண்களுக்குத் தனியாக ஓர் உலகத் தரவரிசை உண்டு. பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் அதில் 200ஆம் இடத்தில் இருந்தார். அந்த நிலையில்தான் டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார். அவருக்கு மட்டைப் பை சுமந்தது யார் தெரியுமா? அவருடைய அம்மா.

4 நாளும் அதிதி முன்னணியில் ஆடினார். கடைசியில் நான்காவதாக வந்தார். ஒரே ஓர் அடி குறைந்திருந்தால் பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் நின்றிருப்பார். உலகத்தின் மிகச் சிறந்த பெண்கள் பலர் அவருக்குக் கீழே இருந்தார்கள்.

தரவரிசை, நேற்று வரை நடந்ததைச் சொல்லும். நாளை நடக்கப் போவதைச் சொல்லாது.

இதைக் கேட்டதும் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"என் மகனுக்குப் பரீட்சையில் வகுப்பில் 31ஆவது இடம். நேற்று அவனைத் திட்டிவிட்டேன். நீ அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன்."

"31 என்பது போன பரீட்சை. அடுத்த பரீட்சை இனிதான் வரப்போகிறது" என்றார் பெரியவர்.

படிக்காமல் போட்ட கையெழுத்து

பெரியவர் எழுந்தார். போகும் முன் இன்னொரு கதை சொன்னார். இது நடந்த கதை.

கோல்ஃபில் யார் எத்தனை அடி அடித்தார் என்று ஓர் அட்டையில் எழுதுவார்கள். தன் அட்டையைத் தானே எழுதிக்கொள்ளக் கூடாது. கூட ஆடுபவர் எழுத வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அட்டையில் இருப்பதே கணக்கு.

1968 ஏப்ரல் 14ஆம் தேதி. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் என்னும் பெரும் போட்டியின் கடைசி நாள். அர்ஜென்டினா நாட்டின் ராபர்ட்டோ தெ விசென்சோ மிக அருமையாக ஆடினார். அன்று அவருடைய 45ஆவது பிறந்த நாள். 17ஆம் குழியில் 3 அடியில் பந்தைப் போட்டார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள்.

ஆனால் கூட ஆடியவர் கவனக்குறைவாக 3 என்பதற்குப் பதில் 4 என்று எழுதிவிட்டார். தெ விசென்சோ சரியாகப் படித்துப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அன்று அவர் அடித்தது 65. அட்டைக் கணக்கு 66. 4 நாள் மொத்தம் 277 ஆக வேண்டியது 278 ஆனது. அமெரிக்காவின் பாப் கோல்பியும் 277. சரியான கணக்கு இருந்திருந்தால் இருவரும் சமம். மறுநாள் கூடுதல் ஆட்டம் ஆடி வெற்றியை முடிவு செய்திருப்பார்கள். ஆனால் ஒரே ஓர் எண்ணால் தெ விசென்சோ இரண்டாம் இடத்துக்குப் போனார்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தவறு தன்னுடையது என்றார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்தானே என்பது அவர் எண்ணம்.

எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே இப்படி நடந்தது. கையெழுத்துப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. போடும் முன் படிக்க வேண்டும். எழுத்தை மட்டும் அல்ல, எண்ணையும் படிக்க வேண்டும்.

மாலையில் பால் கணக்கு நோட்டு வந்தது. ஒவ்வொரு வாரமும் அக்கா அதில் கையெழுத்துப் போடுவார். முன்பு கைநாட்டு. இப்போது கையெழுத்து. ஆனால் இதுவரை உள்ளே இருப்பதைப் படித்ததில்லை.

"ஒரு நிமிடம் இரு தம்பி" என்றார் அக்கா.

நோட்டைக் கையில் வாங்கினார். திங்கட்கிழமையிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். லிட்டரைக் கூட்டினார். விலையோடு பெருக்கினார். பால்காரத் தம்பி பொறுமையாக நின்றான்.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது.

அதன் பிறகுதான் அக்கா பேனாவைக் கேட்டு வாங்கினார். தன் பெயரை முழுவதும் எழுதினார்.

யோசித்துப் பாருங்கள்

1. கோல்ஃபில் வெற்றி பெறுபவர் அதிக அடி அடித்தவரா, குறைந்த அடி அடித்தவரா?

2. ஒருவர் 2 ஆண்டில் 45 போட்டி ஆடி 135 புள்ளி வைத்திருக்கிறார். அவருடைய சராசரி என்ன?

3. ஒருவர் 20 போட்டி மட்டும் ஆடி 80 புள்ளி வைத்திருக்கிறார். அவருடைய புள்ளியை எந்த எண்ணால் வகுப்பார்கள்? ஏன்?

4. பழைய புள்ளி ஏன் தேய்கிறது? அது சரி என்று நினைக்கிறீர்களா?

5. நீங்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட தாள் எது? அதில் என்ன எழுதியிருந்தது? உங்கள் குழுவில் சொல்லுங்கள்.